நெய் ரோஸ்ட் வாங்கித் தந்து சொன்ன சேதி

1

நாங்கள் இங்கிலாந்தில் இருக்கும் இந்த லீட்ஸ் நகரத்துக்கு வந்து, கடந்த தை மாதத்தோடு பன்னிரண்டு வருடம் முடிந்தது. யாரும் கொண்டாடுகிற நாள் இல்லை அது. காலையில் காபி குடிக்கும்போது என் வீட்டுக்காரர், "இன்னியோட இத்தினி வருஷம்" என்பார். நான் "ஆமாம்" என்பேன். அதற்குமேல் ஒன்றும் இருக்காது. அவர் பஸ் டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார். காஞ்சிபுரத்தில் கண்டக்டராக இருந்தவர், இங்கேயும் கண்டக்டர்தான். விசிலுக்குப் பதில் மணி, வேட்டி கட்டிய கூட்டத்துக்குப் பதில் கோட்டு போட்ட கூட்டம்.

இந்த வருடம் எங்கள் மகள் செல்வி அந்த நாளை ஞாபகம் வைத்திருந்தாள். அதுவே எனக்கு ஆச்சரியம். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஏழு வயதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விமானத்தை விட்டு இறங்கியவள், பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரமே ‘ஷெல்லி’ ஆகிவிட்டாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பதில் சொல்வாள். ஓர் ஆபீஸில் டைப் அடிக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அந்தப் பாதித் தமிழும் தேய்ந்துவிட்டது. வேலை விட்டு வந்ததும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் படிக்கட்டின் கீழே நின்று, "செல்வி, காபி" என்பேன். "லேட்டர், மா" என்று பதில் வரும். அந்த ‘லேட்டர்’ வந்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவள் தானாக அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வெளிய சாப்புடலாம்மா. யார்க்ல ஒரு எடம் இருக்குது. டேபிள் சொல்லிட்டேன்."

"சோறு துன்றதுக்கு எதுக்குடி ரயில் ஏறணும்?"

"அது ஓல்ட் பில்டிங்மா. ஐந்நூறு வருஷம். உனக்குப் புடிக்கும்."

என் வீட்டுக்காரர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, "ஐந்நூறு வருஷமா? நம்மூர்ல அத புதுக் கட்டடம்னு சொல்லுவாங்க" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

2

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் பழைய கட்டடத்தில் சாப்பிட்டுப் பழகியவர்கள்தான். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சின்ன காஞ்சிபுரம் போகிற வழியில் பதினாறு தூண் வைத்த கல் மண்டபம் ஒன்று இருந்தது. கோவிலுக்குச் சொந்தமானது. வருடத்தில் ஒரு நாள் சாமி ஊர்வலமாக வந்து அங்கே இறங்கி இளைப்பாறும். மிச்ச நாளெல்லாம் அதில் ஓட்டல் நடந்தது. சாமி வருவதற்கு முந்தின நாள் அடுப்பை அணைத்து, மேசை பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிவிட்டு, தூணில் ஏறியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பார்கள். "வீட்டுக்காரர் வர்றாரு, காலி பண்ணிக்கினு இருக்கோம்" என்பார் ரங்கய்யா. அவர் அங்கே பரிமாறுகிறவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

அந்த ஓட்டலில் நூறு வாட் பல்பு தொங்கியது யாளியின் வாயிலிருந்து. இன்னொரு யாளியின் தந்தத்தில் மழைக்காலத்தில் குடை மாட்டுவார்கள். வெற்றிலை போட்டு மிஞ்சின சுண்ணாம்பை எல்லோரும் ஒரே தூணில் தடவித் தடவி, அந்தத் தூணில் நடனமாடுகிற பெண்ணுக்கு முழங்கால் வரை வெள்ளையாக இருக்கும். பின்பக்கம் மூங்கில் தட்டி கட்டி, அதில் ‘பேமிலி’ என்று எழுதிய அட்டை தொங்கியது. பெண்கள் அங்கேதான் உட்கார வேண்டும். காலுக்குக் கீழே கல் சில்லென்று இருக்கும். வெயில் காலத்தில் அதற்காகவே போகலாம்.

நாங்கள் சாப்பாட்டுக்காகப் போனோம் என்று சொன்னால் பொய். எங்கள் வீட்டில் முக்கால்வாசி இடத்தைத் தறிகள் பிடித்துக்கொண்டிருந்தன. மிச்ச இடத்தில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார் குடும்பம் என்று பதினோரு பேர். தறி ஓடும்போது புருஷனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் கத்த வேண்டும். தறி நின்றுவிட்டால் மெல்லப் பேசினாலும் பதினோரு பேருக்கும் கேட்கும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, "கோவிலுக்குப் போயிட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போய்விடுவோம். திரும்பும்போது சாட்சிக்கு நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்வேன். கோவிலுக்கும் போவோம், இல்லை என்று சொல்லவில்லை. கோபுர வாசலோடு ஒரு கும்பிடு.

மண்டபத்து வாசற்படி தாண்டினதும் தரைக்கல்லில் ஓர் ஆள் குப்புற விழுந்து, கைகளைத் தலைக்குமேல் கூப்பிக் கும்பிடுகிற மாதிரி செதுக்கியிருக்கும். பக்கத்தில் தேய்ந்துபோன பழைய எழுத்து. முதல் தடவை போனபோது நான் அதை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கினேன். ரங்கய்யா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார்.

"ஒதுங்காதீங்கமா, மிதிங்க! மண்டபம் கட்டின செட்டியாரு அவரு. வர்றவங்க காலெல்லாம் எம்மேல படணும்னு கேட்டுக்கினு படுத்துக்கினு இருக்காரு. நீங்க சுத்திக்கினு போனா அந்த மனுசன் ஆசை இன்னா ஆவறது?"

"செருப்புக் காலோடவா?" என்றேன்.

"அய்யய்யோ, வெறுங்கால்மா! அவரு கேட்டது பாத தூளி. பாட்டா செருப்பா கேட்டாரு?"

அதனால்தான் அந்த ஓட்டலில் யாரும் சொல்லாமலே எல்லோரும் செருப்பை வெளியே விடுவார்கள். லாரி டிரைவர்கூட விட்டுவிட்டு வந்து, செட்டியார் முதுகில் ஒரு காலை வைத்துவிட்டுத்தான் பூரி கேட்பார். எனக்கும் அது பழகிவிட்டது. தெரியாத ஒரு மனிதர் நம் காலைக் கேட்கிறார், கொடுத்துவிட்டுப் போவோம் என்று தோன்றும்.

3

யார்க் நகரத்தைச் சுற்றி மதில் இருக்கிறது. அன்றைக்கு வெயிலும் இருந்தது, குளிரும் இருந்தது. செல்வி முன்னால் வேகமாக நடந்தாள். அவளுடைய அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் புடவைக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு கடைசியில் வந்தேன்.

அவள் சொன்ன ‘பில்டிங்’ ஒரு காலத்தில் மாதா கோவிலாக இருந்தது என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. கும்பிட ஆள் இல்லாமல் மூடி, பிறகு யாரோ வாங்கி ஓட்டல் ஆக்கியிருந்தார்கள். உயரமான கல் தூண்கள். கலர் கண்ணாடி வழியாகச் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் மேசைமேல் விழுந்திருந்தது. ஜனங்கள் உட்கார்ந்து ஜெபம் செய்த நீள பெஞ்சுகளையே சாப்பாட்டு பெஞ்சாகப் போட்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பன்னிரண்டு வருடமாக இந்த நாட்டில் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் அந்நியமாகத்தான் இருக்கும். இங்கே அப்படி இல்லை. தூணில் சுண்ணாம்பு மட்டும்தான் குறைச்சல்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். வாசற்படி தாண்டினதும் ஒரு பெரிய கல். அதில் தேய்ந்துபோன எழுத்து. எழுத்துக்கு மேலே, கும்பிடுகிற மாதிரி இரண்டு கைகளைச் செதுக்கியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். எலிசபெத் என்று ஒரு பெண் பெயர்.

"இன்னாங்க, இங்க பாருங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்து, "அடடே, நம்ம செட்டியாரு!" என்றார். "இங்க பொம்பள கட்டியிருக்குது."

நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தேன். குளிருக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருந்தேன், அதையும் கழற்றினேன். வாசலில் நின்ற ஓட்டல் பெண் கையில் மெனு அட்டையோடு என்னையே பார்த்தாள். என் பின்னால் இரண்டு பேர் உள்ளே வரக் காத்திருந்தார்கள். பொதுவாக ஒரு ஆள் என்னைப் பார்த்தாலே எனக்குக் கை கால் ஓடாது. அன்றைக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. வெறுங்காலோடு அந்தக் கல்லின் நட்ட நடுவில் போய் நின்றேன்.

"மா! இன்னா பண்றே?" செல்வி ஓடி வந்தாள்.

"மிதிக்கணும்டி. அவங்க கேட்டுக்கினு போட்டது. நீயும் ஷூவ கழட்டு."

"மா, அது கிரேவ்! கீழ டெட் பாடி இருக்குது. அவங்கள பொதச்ச எடம். வா இந்தாண்ட!"

அவளுடைய அப்பா ஒரு காலில் ஷூவோடும் ஒரு காலில் சாக்ஸோடும் அப்படியே நின்றுவிட்டார்.

4

மேசையில் உட்கார்ந்தோம். சுற்றிப் பார்த்தால் தரை பூராவும் அப்படிப்பட்ட கற்கள்தான். எங்கள் பெஞ்சுக்குக் கீழேயே ஒன்று. உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்த ஏதோ வந்தது. வாசனை நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கை எழவில்லை. எங்கள் வீட்டில் சாவுக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். நான் போய் வெறுங்காலை அந்த இடத்தில் அழுத்தி வைத்திருக்கிறேன்.

"சாப்புடுமா" என்றாள் செல்வி.

"பசிக்கல."

"இன்னிக்கு ஒரு நாள் சாப்புடேன். ப்ளீஸ்மா."

அவள் முள்கரண்டியை எடுத்து வைத்து, எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஒன்றும் குறையவில்லை. அவள் எங்களுக்கு ஏதோ சொல்வதற்காகத்தான் இத்தனை தூரம் கூட்டி வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. வீட்டில் சொல்ல முடியாத சேதி. நான் சாப்பிடாமல் எழுந்தால் அவள் அதைச் சொல்ல மாட்டாள். சொல்லாமலே செய்துவிடுவாள். பிறகு மாடிக் கதவு சாத்தியபடியே இருக்கும். உள்ளே ஆள் இருக்காது.

"தோ வரேன்" என்று எழுந்து பெண்கள் கழிப்பறைக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. கை கழுவுகிற பீங்கான் தொட்டி இடுப்பு உயரம் இருந்தது. ஷூவையும் சாக்ஸையும் மறுபடி கழற்றி வைத்துவிட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காலைத் தொட்டியில் வைத்தேன். தண்ணீர் ஐஸ். தலைக்கு மூன்று சொட்டுத் தெளித்துக்கொண்டேன். அடுத்த காலை வைத்தபோது கதவு திறந்தது. வெள்ளை முடியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி.

ஓடவும் முடியாது. கால் தொட்டிக்குள் இருக்கிறது.

"கால் வலியா, லவ்?" என்று கேட்டாள்.

இந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் ஒரு பஸ் டிரைவர் என்னை அப்படிக் கூப்பிட்டதற்கு நடுவழியில் இறங்கி வீடு வரை நடந்திருக்கிறேன். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர், "அந்த ஆளு என்னையும் அப்பிடித்தான் கூப்புடுறான்" என்று சிரித்தார்.

நான் "யெஸ்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள் கிழவி. காகிதத் துண்டுகளை உருவி உருவி என்னிடம் நீட்டினாள். நான் காலைத் துடைத்து முடிக்கும்வரை விழாமல் இருக்க முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதற்குக் கழுவினேன் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதாது. சொல்லியிருந்தாலும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போனதைச் சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன்.

5

செல்வி அப்புறம்தான் சொன்னாள். லண்டனில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். பெண்கள் விடுதியில் அறை பார்த்தாகிவிட்டது. எல்லாவற்றையும் இங்கிலீஷில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசியில் தமிழில், "கோச்சிக்காதப்பா" என்றாள்.

அவளுடைய அப்பா கைத்துணியை மடித்து மேசைமேல் வைத்தார்.

"இத சொல்றதுக்குத்தான் சோறு வாங்கிக் குடுத்தியா?"

"அப்பா—"

"வீட்ல சொல்றதுக்கு இன்னா? வாயில அடச்சிட்டு சொன்னா நான் கத்த மாட்டேன்னு பாத்தியா? நாலு வெள்ளக்காரன் எதிர்ல அப்பன் வாய மூடிக்கினு இருப்பான்னு கணக்கு. எங்க கத்துக்கினே இந்த வேலையெல்லாம்? நாங்க யாருக்காக இந்தக் குளிர்ல வந்து கெடக்குறோம்?"

குரல் எழும்பியது. பக்கத்து மேசையில் தலைகள் திரும்பின. செல்வியின் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. அவள் பெஞ்சிலிருந்து பையை எடுப்பதைப் பார்த்தேன். இப்போது எழுந்து போனால் அவ்வளவுதான் என்று தெரிந்தது.

என் வாழ்க்கையில் நாலு பேர் இருக்கிற இடத்தில் அவரை எதிர்த்து நான் பேசியதில்லை. வீட்டிலும் அதிகம் கிடையாது. அன்றைக்கு வாயில் வந்துவிட்டது.

"நீங்க நெய் ரோஸ்ட் வாங்கிக் குடுத்து சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன நெய் ரோஸ்ட்?" என்றாள் செல்வி.

அவளுக்குத் தெரியாது. நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. மண்டபத்து ஓட்டலில், மூங்கில் தட்டிக்குப் பின்னால், ரங்கய்யா இரண்டு நெய் ரோஸ்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதும்தான் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். இங்கிலாந்துக்கு வேலைக்கு வரச் சொல்லி வந்த சீட்டு. விண்ணப்பம் போட்டதையே எனக்குச் சொல்லவில்லை. "மூணு மாசத்துல கெளம்பணும். முதல்ல நான், அப்பறம் நீயும் கொழந்தையும். அம்மாகிட்ட எப்பிடி சொல்றதுன்னுதான் தெரியல" என்றார். நான் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தேன். ரங்கய்யா எட்டிப் பார்த்து, "என்னமா, ரோஸ்ட் சரியில்லையா?" என்றார்.

விஷயம் தெரிந்த அன்றைக்கு மாமியார் சாப்பாட்டைப் பற்றித்தான் அழுதார். "பெத்தவகிட்ட சொல்லாம ஓட்டல்ல குந்தி துன்னுக்கினே முடிவு பண்ணீங்களா" என்று கேட்டார். நாங்கள் பஸ் ஏறும்போது மாமியார் வாசலுக்கு வரவில்லை. பிறகு நாங்கள் ஊருக்குப் போனது ஒரே ஒரு தடவை, அவருடைய காரியத்துக்கு.

இவ்வளவையும் நான் செல்விக்குச் சொன்னேன். கல்லறைகளுக்கு மேல், கலர் வெளிச்சத்தில் உட்கார்ந்து, தொடர்ந்து கால் மணி நேரம் பேசினேன். இடையில் அவர் "நெய் ரோஸ்ட் இல்ல, மசாலா" என்று ஒரு முறை திருத்தினார். "நெய்தான்" என்றேன். விட்டுவிட்டார்.

செல்வி அப்பாவைப் பார்த்து, "யு டூ?" என்றாள்.

அவர் மடித்து வைத்த கைத்துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகு, "அந்த விடுதிக்கு எந்த பஸ்சு?" என்று கேட்டார்.

6

அவள் மாசியில் போனாள். ரயிலடிக்கு இருவரும் போனோம்.

முதலில் வாரம் ஒரு கடிதம் வந்தது, இங்கிலீஷில். என் வீட்டுக்காரர் வாய்விட்டுப் படிப்பார். மழை, வேலை, அறையில் கூட இருக்கும் ஐரிஷ் பெண். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. அப்புறம் வரவில்லை. வேலை விட்டு வந்ததும் ஷூவைக் கழற்றாமலே, "தபால் இன்னா?" என்பார். "எலக்ட்ரிக் பில்லு" என்பேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா, பெண்ணைத் தனியாக விட்டதற்கு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நாங்கள் மாமியாரிடம் சொல்லிக்கொண்டு வந்த லட்சணத்துக்கு இதுதான் பலன் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் அதேதான் ஓடியிருக்கும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கார்டு ஒன்று வந்தது. லண்டன் பாலத்தின் படம். பின்னால் தமிழில் மூன்று வரி. இரண்டாம் வகுப்போடு விட்ட எழுத்து, கோணல் கோணலாக, ‘ழ’ வேண்டிய இடத்தில் ‘ள’ போட்டு எழுதியிருந்தாள்.

‘அன்புள்ள அம்மா அப்பா. இங்கே ஒரே மளை. கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போறேன்.’

அவர் இரண்டு தடவை படித்தார்.

"ஊருக்கா? காஞ்சிபுரத்துக்கா? தனியாவா? யாரு இருக்காங்க அங்க இப்ப?"

"உங்க தம்பிக்கு எழுதினாளோ இன்னாவோ?"

"நம்மள கேக்காமயா? பாஸ்போர்ட்டு எங்க வெச்சிருக்கா? டிக்கெட் வாங்கிட்டாளா? இன்னாமே, அம்மா காரியத்துக்கு நம்ம போறப்பவே கூப்புட்டோமே, வர மாட்டேன்னு சொன்னவ அவ!"

பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "நம்மள பாக்க வரல. நேரா ஊருக்குப் போறாளாம்" என்றார்.

கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனையில் இருக்கும் டெலிபோன் பெட்டிக்குப் போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன். சிவப்புப் பெட்டிக்குள் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. பிறகு கை நின்றுவிட்டது. ரிசீவரை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றார். வெளியே ஒருத்தர் காத்திருந்து கண்ணாடியைத் தட்டினார்.

வாசலில் வந்து நின்றார். சிரிப்பை அடக்குகிறாரா வேறு எதையாவது அடக்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னா சொன்னா?"

"இங்கதான் வர்றாளாம். சனிக்கிழமை."

"அப்ப ஊருக்குன்னு எழுதியிருக்காளே?"

"அதத்தான் கேட்டேன். ‘லீட்ஸுக்குத்தாம்பா. வேற எது நம்ம ஊரு?’ன்றா."

அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சுற்றிப் பார்த்தேன். ஈரம் பூத்த சுவர், கரிப்புகை படிந்த ஜன்னல், மாடிப் படியில் மடிக்காமல் கிடக்கும் துணி. பன்னிரண்டு வருடம் இது நாங்கள் தங்கியிருக்கிற இடம் என்றே நினைத்திருந்தேன். ஒருத்தி லீவு போட்டு, ரயில் ஏறி, ஊர் என்று இதற்கு வரப் போகிறாள்.

சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலைக் கூட்டப் போனேன்.